மை காயாத பக்கம்

நள்ளிரவில் ஆர்விட்ஸ் அழைக்கிறான்:
"நூற்றுப் பதினான்காவது கட்டத்தில்
அந்த ஒற்றைச் சுரத்தை எடுத்துவிடு."
செத்துப்போனவர்கள்
இப்படித் தொல்லை தருவதில்லை.
ஜிந்த்ரா ரப்பரைத் தேடுகிறாள்.
அது பியானோவின் வயிற்றுக்குள்,
இரண்டு தந்திகளுக்கு நடுவே,
போன வாரம் அவன் சொருகச் சொன்ன இடத்தில்.

ரீகா. நவம்பர் மழை. நாற்பத்தோரு பேர்.
இடைவேளைக்குப் பின் இருபத்தாறு.
முப்பது வருடமாக
இந்தக் கழித்தல் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

ஏழு எண்ணிக்கை மௌனம்.
ஐந்தில்
யாருடைய குடையோ விழுகிறது.
கடைசி வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்தவன்
சட்டைப்பையில் எதையோ துழாவுகிறான்.

மறுபடி நள்ளிரவு.
"குடை விழுந்ததே,
அங்கே
இன்னும் இரண்டு எண்ணிக்கை காத்திரு."

விளக்கைப் போடுகிறாள்.
பென்சில் சீவ வேண்டும்.