மற்றவை

மூன்று நாள் கூலிக்கு எண்ணச் சொன்னார்கள்.
பள்ளிப்பட்டுக்கு வெளியே, தரைப்பாலத்தின் இந்தத் தலைப்பில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஓர் அட்டை, ஒரு பேனா.
படிவத்தில் கட்டங்கள்:
லாரி. பேருந்து. கார். ஷேர் ஆட்டோ. இருசக்கரம்.
கடைசியில், சுண்டுவிரல் அகலத்தில்:
மற்றவை.

ஐந்தே முக்காலுக்கு முதல் மற்றவை வந்தாள்.
செருப்பு ஒரு கையில், தூக்குச்சட்டி ஒரு கையில்,
புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தாள்.
கார்த்திகை மாதம். பாலத்தின் மேல் ஒரு சாண் தண்ணீர்.
நகரியில் விசைத்தறிக்கு ஆறு மணி ஷிப்ட்.
அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர்,
முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்தே
பாலத்தின் விளிம்பு எதுவென்று கணித்தபடி.

நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ஆறரைக்குள் கட்டம் நிறைந்துவிட்டது.
காலியாகக் கிடந்த லாரியிடம் இடம் கேட்டேன்,
பிறகு காரிடம்.

சைக்கிளும் இருசக்கரம்தானே என்று போன் போட்டேன்.
"மோட்டார் இருக்கா?"
"இல்லீங்க."
"அப்ப மற்றவை."
நூல் மூட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
நாதமுனி வந்தார்.
நடப்பவரா, ஓட்டுபவரா?
அரைக் கோடு போட்டு வைத்தேன்.
திரும்பும்போது ஏறி மிதித்து வந்தார்;
மீதி அரையும் சேர்ந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு
ஒன்றிய அலுவலகக் கூடத்தில் கூட்டம்.
"மோட்டார் இல்லாப் போக்குவரத்து: உங்கள் வட்டாரம், உங்கள் தேர்வு."
சுவரில் மூன்று வரைபடம்.
ஏரியைச் சுற்றி நடைபாதை, விளக்கு, படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை.
பள்ளி வரைக்கும் சைக்கிள் தடம்.
தரைப்பாலத்தை ஒட்டி உயர்த்திய நடைமேடை, கைப்பிடியோடு.
ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர், ஒரு மெதுவடை.

பாலத்தில் நடக்கிறவர்கள் அந்நேரம் தறியில் நின்றிருந்தார்கள்.
ஏரிக்குத்தான் பச்சை குவிந்தது.
காரில் வந்தவர்களுக்கு நடக்க ஆசை;
அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
என் படிவங்களை நடைமேடைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
"இது எண்ணிக்கை தம்பி, கருத்து இல்லை"
என்றார் உதவிப் பொறியாளர் தேன்மொழி,
கோபமில்லாமல்.

அப்போதுதான் நகரியில் கரண்ட் போனது.

பதினொன்றே முக்காலுக்குக் கூடத்து வாசலில்
ஈரக் கொசுவங்கள்.
நாற்பத்து மூன்று பேர் (எண்ணுவது பழகிவிட்டது).
முனெம்மா நேராகப் படத்தின் முன் போய் நின்றாள்.
"கைப்பிடி ஏன் பாதியில நிக்குது?"
"அங்க எல்லைக்கல் இருக்கும்மா. நம்ம நிதி அதுவரைக்கும்தான்."
"சகம் ஆத்துக்குப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்.
மிச்சத்துக்கு?"
யாரோ சிரித்தார்கள்.
தேன்மொழி சிரிக்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டிக்கர் தீர்ந்திருந்தது. வடையும்தான்.
முனெம்மா நெற்றிக்குக் கை கொண்டுபோனாள்.
மெரூன் நிறப் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து
கைப்பிடியின் மேல் ஒட்டினாள்.
அடுத்தவள், அதற்கடுத்தவள்.
சிவப்பு, கறுப்பு, கல் வைத்தது, பாம்பு போல் நெளிந்தது.
பொட்டு வைக்காத ஷம்ஷாத்
தாவணி ஊக்கைக் கழற்றிக் குத்தினாள்.

இதெல்லாம் வாக்கா என்று கேட்டார் ஒருவர்.
விதியில் ஸ்டிக்கர் என்றுதான் இருக்கிறது,
நிறம் சொல்லவில்லை என்றார் இன்னொருவர்.
விவாதம் ஒரு மணி வரை போனது.
தறிக்குக் கரண்ட் வந்துவிட்டதாகப் போன் வந்ததும்
பாழ்நெற்றியோடு நாற்பத்திரண்டு பேர்
மறுபடி தண்ணீரில் இறங்கிப் போனார்கள்.
தேன்மொழி குறிப்பேட்டில் எழுதியதை
தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன்:
பச்சை ஸ்டிக்கர் நூற்றுப் பன்னிரண்டு.
மற்றவை நாற்பத்து மூன்று.

கூலி வாங்கப் போனபோது மார்கழி பிறந்திருந்தது.
தப்பான கட்டத்தில் கோடு போட்டதற்கு
அரை நாள் பிடித்துக்கொண்டார்கள்.
படம் சுருட்டி பீரோவின் மேல் கிடந்தது.
பிரித்துக் காட்டச் சொன்னேன்.
பசை காய்ந்து பாதிப் பொட்டுகள் உதிர்ந்திருந்தன.
ஊக்கு துருப்பிடித்து, அசையாமல் இருந்தது,
எல்லைக்கல்லைத் தாண்டி
கைப்பிடி வரையப்படாத இடத்தில்.

முடிவு எப்போது என்று கேட்டேன்.
மேலே போயிருக்கிறது என்றார்கள்.

திரும்பும்போது பாலத்தில் கணுக்கால் தண்ணீர்.
நாற்காலி இருந்த இடத்தில்
நாலு கால் குழி.