முதலாளி பங்கு

ஆலை எனக்குத் தருவது இருபத்தேழாயிரம்.
எனக்கு என்றால் எனக்கல்ல,
ஐந்து ரோட்டில் செருப்புக் கடைக்கு மேல்
குறுகலான படியேறிப் போகிற ஏஜென்சிக்கு.
அங்கே ஜெசிந்தா மேடம் பிரிக்கிறார்.

கமிஷன் இரண்டாயிரத்து நூற்றறுபது.
பி.எஃப். தொழிலாளி பங்கு ஆயிரத்து எண்ணூறு.
சரி, அது நான்.
பி.எஃப். முதலாளி பங்கு ஆயிரத்து எண்ணூறு.
இது யார் மேடம்?
"அதுவும் உங்க ரேட்டுக்குள்ளதான், அர்த்தநாரி."

திருச்செங்கோட்டு மலையில் பெயர் வைத்தவர்கள்
இதை நினைத்திருக்க மாட்டார்கள்.
ஒரு பாதி ஒயர் இழுக்க
மறுபாதி அதற்குப் படியளக்கிறது.

மூன்று தடவை ஃபோனில் தட்டிப் பார்த்தேன்.
கணக்கில் தப்பில்லை.
தப்பில்லை என்பதுதான் தொல்லை.

அரையாண்டுத் தொழில் வரி போன மாதமே போயிற்று.
மாநகராட்சியோடு எனக்கு வழக்கில்லை;
சூரமங்கலத்தில் அவர்கள் போட்ட விளக்கு ஒன்று எரிகிறது,
அதன் கீழே நின்றுதான் சம்பளச் சீட்டைப் படிக்கிறேன்.

கடைசி வரி:
நலச்செலவு, இருநூற்று முப்பத்தைந்து.
என்ன நலம்?
தீபாவளிக்குக் கைகுலுக்கி, போட்டோ பிடித்து
ஆளுக்கொன்று கொடுத்தார்களே,
ஏஜென்சி பெயர் அச்சடித்த கறுப்புக் குடை,
அது.

ஞாயிறன்று ஏற்காடு அடிவாரத்தில்
மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸைக் காணோம்.
விரித்தேன். ஒரு கம்பி ஏற்கெனவே வளைந்திருந்தது.
பலாப்பழக் கூடையோடு நனைந்துகொண்டிருந்தவர்
கொஞ்சம் ஒதுங்கிக்கலாமா என்றார்.

வாங்க, வாங்க என்றேன்.
இந்தக் குடைக்கு
முதலாளி நான்தான்.