திட்ட விலக்கம்

நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பூட்டிக்கொள்ளும் போர்ட்டல்.
பதினொன்று நாற்பதுக்கு
வெண்ணாம்பட்டி முழுக்கக் கரன்ட் போனது.
கைப்பேசி வெளிச்சத்தில், அதன் நெட்டிலேயே,
அறுபத்துமூன்று பேருக்கு இன்டர்னல் ஏற்றினேன்.
நாற்பத்தேழாவது ஆள் மாதுராஜ்.
தேர்வு இரண்டும் சேர்த்து நான்கு,
வருகைக்கு மூன்று,
அசைன்மென்டுக்கு இரண்டு.
ஒன்பது என்று அடித்தேன்.
உறுதிதானா என்று திரை கேட்டது.
உறுதி என்றேன்.

அசைன்மென்டில் குறையில்லை.
புதன்கிழமை கேட்டதைச் சனிக்கிழமை கொண்டுவந்தான்.
நாளுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன் என்று
முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன்.
சொன்னால் சொன்னதுதான்.
(மூன்று மாதமாக வராத கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில்
நாளுக்கு ஒன்று யார் யாருக்குக் குறைப்பது
என்று அப்போதும் தோன்றியது.
அது பாடத்திட்டத்தில் இல்லை.)

ரிசல்ட் வந்தது.
வெளித்தேர்வில் முப்பது வேண்டும்,
முப்பது எடுத்திருக்கிறான்.
கூட்டினால் நாற்பது வேண்டும்,
முப்பத்தொன்பது.
பெயருக்கு நேரே ஆங்கிலத்தில்
மீண்டும் வா என்பதன் முதலெழுத்து.

அன்று சாயங்காலம், ஸ்டாஃப் ரூமில் யாருமில்லாதபோது,
பீரோவின் அடித்தட்டில் இருந்து
அந்தக் கட்டை எடுத்துப் பிரித்தேன்.
அறுபத்திரண்டு பேரின் விலைப்பட்டியலும்
ஒரே தாயின் பிள்ளைகள்.
பாலக்கோடு மண்டியில் தக்காளி
பத்து நாளும் ஒரே கையெழுத்தில் ஏறி
ஒரே கையெழுத்தில் இறங்கியிருந்தது.

அவனுடையது மட்டும் மண்டிச் சீட்டுகளின் பின்பக்கம்.
விடியற்காலை நாலே கால் என்று நேரம் போட்டு,
பெட்டி முந்நூற்றுப் பத்து.
மறுநாள் இருநூற்றுத் தொண்ணூறு.
ஞாயிறு நூற்றெண்பது, மழை.
திங்கள் தொண்ணூற்றைந்து,
ஓரத்தில் சின்னதாக:
பாதி லோடு ரோட்டோரம் கொட்டிட்டாங்க.
வர்க்கமூலத்தில் ஒரு இலக்கம் தப்பு.
அதை மட்டும் சிவப்பில் சுழித்திருந்தேன்,
கவனமாக.

பத்து நாள் விலை எடுத்து வாருங்கள் என்றவள் நான்.
கொடுத்தது ஒரு புதன்.
கேட்டது அடுத்த புதன்.
எட்டு நாளுக்குள் பத்து நாள் எப்படி வரும் என்று
புள்ளியியல் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.
நானும் எண்ணிப் பார்க்கவில்லை.
அவன் எண்ணியிருக்கிறான்.
வியாழனில் தொடங்கி
சனி விடியலில் பத்தாவது சீட்டை வாங்கி,
முதல் பஸ்ஸில் நேரே காலேஜ் வந்திருக்கிறான்.
தாமதம் ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

தேர்வுப் பிரிவில் விசாரித்தேன்.
வெளித்தேர்வை எத்தனை முறையும் எழுதலாமாம்.
இன்டர்னல் ஒருமுறை ஏறினால் ஏறியதுதான்,
அரியர் தீரும்வரை அதே எண் கூடவே வரும்.
"டைப்பிங் மிஸ்டேக்னு லெட்டர் தரீங்களா?" என்றார்
கண்ணாடியைத் துடைத்தபடி.
டைப்பிங்கில் தப்பில்லை என்றேன்.
பிறகு எதற்கு அப்படிச் சொன்னேன் என்று
படியிறங்கும்போது நின்றேன்.

நவம்பருக்கு விண்ணப்பிக்க வந்தான்.
கட்டணம் கட்டிய சலான், சட்டைப்பையில் நாலாக மடித்தது.
கையெழுத்துப் போடும்போது
அந்தப் பத்து நாள் கணக்கை எடுத்தேன்.
"எட்டு நாள்தான் இருந்துச்சு, சொல்லியிருக்கலாமே?"
"நீங்க தெரிஞ்சுதான் கொடுத்தீங்கன்னு நெனச்சேன் மேடம்."
கோபமாகச் சொல்லியிருந்தால்
பதில் வைத்திருந்தேன்.

போகும்போது கதவருகே திரும்பினான்.
"பழைய இன்டர்னலேதானா மேடம்?"
ஒன்பது, என்றேன்.
விரல் மடக்கவில்லை, மேலே பார்க்கவில்லை.
"அப்ப முப்பத்தொண்ணு எடுத்தா போதும்"
என்று எனக்குச் சொல்லிவிட்டு
பாலக்கோடு பஸ்ஸுக்கு ஓடினான்.