தீர்ந்தது

பெருங்குடியில் ஏழாவது மாடியில்
இரவு முழுக்கக் காபி மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன்.
மெஷின்கள் இங்கே இல்லை.
ஒன்றைக்கூடத் தொட்டதில்லை,
பயிற்சியின்போது படம் காட்டினார்கள்.
ஹெட்போனில் டேனியல், சம்பளச் சீட்டில் தணிகாசலம்.

மாலை ஆறரைக்கு இத்தாலி வரும்,
மதியச் சாப்பாடு முடிந்த கோபத்தோடு,
நுரை இந்த நிறத்திலா இருக்கும் என்று.
நிறத்தை நான் எப்படிப் பார்ப்பேன்.
ஏதோ ஒரு கொட்டையின் பெயர் சொல்வார்கள்,
நான் வேர்க்கடலைத் தோல் என்று எழுதிக்கொள்வேன்.
கனடாவுக்குச் சூடு போதாது,
அவர்கள் குளிருக்கு எந்த மெஷினும் ஈடுகொடுக்காது.
விடிகாலை மூன்றரைக்கு ஆஸ்திரேலியா எழுந்து
பாலைப் பற்றி மட்டுமே பேசும்,
மாட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி.
எத்தியோப்பியாவிலிருந்து ஓர் அழைப்பும் வந்ததில்லை.
அங்கே மெஷின் இல்லையா, குறை இல்லையா,
தெரியாது.
ரோஸ்லின் மேடத்தின் மாதப் பட்டியலில்
புகார் குறைந்த நாடுதான் நல்ல நாடு.

ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம் இருபது விநாடி.
அதற்குள் சுண்ணாம்பு நீக்கி,
வடிகட்டியைக் கழற்றி மாட்டச் சொல்லி,
இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு,
‘தீர்ந்தது’ என்ற பட்டனை அழுத்த வேண்டும்.
மேலே போனால் திரை மஞ்சளாகும்.
பிறகு சிவப்பு. பிறகு ரோஸ்லின் மேடம்.

எனக்கு அல்சர்.
காபிப் பக்கமே போகாதே என்றார் வேளச்சேரி டாக்டர்.
ஆகவே நாக்குக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.
கொட்டை நொறுங்குவது,
பம்ப் இருமுவது,
கோப்பையில் விழுவது. முதலில் சொட்டு, அப்புறம் நூல்,
நூல் அறுந்து மறுபடி சொட்டு.
அப்புறம் ஓர் உறிஞ்சல்.
உறிஞ்சியதும் பேசாமல் இருப்பார்களே,
அந்த இடைவெளியை எண்ணுவேன்.
இத்தாலி ஒரு விநாடி, உடனே குறை.
ஆஸ்திரேலியா மூன்று, பெருமூச்சோடு.
லிஸ்பனில் ஒரு முறை ஒன்பது வந்தது.
பிறகுதான் தெரிந்தது, லைன் கட்.

நேற்று ஃபின்லாந்து. ஓர் அம்மாள்.
எல்லாம் முடிந்தபின்
இருங்கள், வருகிறதா பார்த்துவிடுகிறேன் என்றார்.
பம்ப் இருமியது. சொட்டு. நூல்.
அட, இரண்டு கோப்பைக்கு அழுத்திவிட்டேன் என்றார்.
பழக்கம் என்றார்.
உறிஞ்சும் சத்தம்.
நாலு. ஏழு. பதினொன்று.
திரை மஞ்சள்.
பத்தொன்பது.
எங்கோ ஒரு கடிகாரம், அங்கேயா இங்கேயா.
லைன் கட்டாகவில்லை, மூச்சு இருந்தது.
சிவப்பு.
இருபத்தாறோடு எண்ணிக்கை கைவிட்டுப் போனது.
நன்றாக இருக்கிறது என்றார் கடைசியில்.
மெஷினைச் சொன்னாரா, கேட்கவில்லை.
இரண்டாவது கோப்பை என்ன ஆயிற்று என்பதற்கு
எங்கள் படிவத்தில் இடம் இல்லை.
பட்டனை அழுத்தினேன்.

நாலே காலுக்கு, பழைய சுங்கச்சாவடி தாண்டி,
சைக்கிளில் கேனைக் கட்டி நிற்கிறார் ஏகாம்பரம்.
சுக்குக் காபி.
கருப்பட்டி உண்டு, மல்லி உண்டு, சுக்கு உண்டு,
காபி பெயரில் மட்டும்.
என் வயிற்றுக்கு இந்தப் பொய்தான் ஒத்துக்கொள்கிறது.
பள்ளிக்கரணைப் பக்கமிருந்து குப்பை எரியும் காற்று.
கேப் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர்
கண்ணாடியை இறக்கிக் கை நீட்டினார்கள்.
“இன்னா சார், உலகத்துக்கே காபி ரிப்பேர் பண்றே,
எந்த நாட்டுக்காரன் சோக்கா போடறான்?”
ஃபின்லாந்து என்றேன்.
“குடிச்சிப் பாத்தியா?”
இல்லை.
“பின்ன?”
சொல்லத் தெரியவில்லை. இருபத்தாறு என்றேன்.
விலை என்று நினைத்துக்கொண்டார்.
அவ்ளோ கம்மியா என்றார்.

கேனைச் சாய்த்து அடியைத் தட்டினார்.
“தீந்துபோச்சு சார். முக்கா கப்புதான் வரும்,
எட்டு ரூபா குடு.”
பத்து கொடுத்தேன்.
மிச்சத்துக்கு அவர் சட்டைப்பையைத் துழாவும்போது
முதல் வாய் குடித்தேன்.

இரண்டு ரூபாயை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.
ஒரு தண்ணீர் லாரி போயிற்று. இன்னொன்று.
“இன்னா சார், ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றே.
சுக்கு தூக்கலாயிடுச்சா?”