சிலிக்கா எழுபத்திரண்டு

நீர்வேலியில் நாற்பது மீட்டர் துளைத்தோம்.
ஏறி வந்ததெல்லாம் சுண்ணாம்பு.
மஞ்சள், வெள்ளை, மறுபடி மஞ்சள்,
ஒரு சிப்பியின் பாதி விளிம்பு.
பதிவேட்டில் மேற்படி, மேற்படி என்று எழுதிக்
கை ஓய்ந்த பின்னேரம்
குகதாரணியின் பொதி வந்தது.

தபால் கந்தோர்த் தம்பி குலுக்கிப் பார்த்தான்.
"என்னக்கா, கல்லோ?"
ஓம், கல்.
"விலை போடேல்லையே."
நூறு கோடி வருஷத்துக்கு
அந்தக் கட்டம் போதாது, தம்பி.

இரண்டே இரண்டு.
ஒன்று கறுப்பு, கனம், சிலிக்கா நாற்பத்தெட்டு.
மற்றது வெளிறிய ரோசா, எழுபத்திரண்டு.
கூடவே அவளுடைய பென்சில் எழுத்து:
"ஒரே வயல், சுலோ. இரண்டு நெருப்பு.
ஐந்நூறு மாதிரி உடைத்தேன்,
நடுவில் ஒன்றுகூட இல்லை."

துளைமெசின் ஓட்டும் அமலேந்திரன்
கறுப்பைக் கையில் நிறுத்துச் சொன்னான்:
"சின்னன். அம்மிக்கு ஆகாது."

அந்தச் சின்னன், ஆழத்திலிருந்து
ஒடியல் கூழின் இளக்கத்தோடு வந்து
கண்ட பள்ளமெல்லாம் ஓடியிருக்கும்.
மேலே வராத மிச்சம் அடியில் தங்கி
தன் சூட்டால் மேலோட்டை உருக்கியிருக்கும்.
உருகியது பனங்களி.
அசையாது. ஆவியை விழுங்கி விழுங்கி
ஒருநாள் மலையையே தூக்கி எறியும்.

"நீ எந்தப் பக்கம்" என்று கேட்ட ஊரில்
வளர்ந்தவள் நான்.
இந்த வரைபடம் எனக்குப் பழக்கம்:
இரண்டு மேடு, இடையில் வெறுந்தரை.
அதில் நின்றவர்களை
எந்த அட்டவணையும் எண்ணியதில்லை.

என்றாலும் கைவில்லையை எடுத்தேன்.
ரோசாக் கல்லின் உடைந்த முகத்தில்
மிளகளவு ஒரு கறுப்பு.
ஓரம் கூராக இல்லை, குழைந்திருந்தது.
இரண்டும் சூடாக இருந்தபோதே
ஒன்று மற்றதற்குள் விழுந்திருக்கிறது.
கலக்க நேரம் கிடைக்கவில்லை,
அவ்வளவுதான்.

அவளுக்கு எழுத வேண்டும்:
ஐந்நூற்றி ஓராவதை எனக்கு அனுப்பிவிட்டாய்.

பழக்கதோஷத்தில் இரண்டின் மேலும்
ஒவ்வொரு சொட்டு அமிலம் விட்டேன்.
நனைந்தன. வேறொன்றும் இல்லை.
பக்கத்துத் தட்டில் நாற்பதாவது மீட்டர்;
தவறித் தெறித்த துளிக்கு
நெருப்பை ஒருநாளும் காணாத என் கல்
உடனே சீறியது.

பதிவேட்டைத் திறந்தேன்.
சுண்ணாம்பு. நுரைக்கிறது.
தண்ணீர் கொஞ்சம் உப்பு.