சாலு

பதினேழாவது கல்யாண நாள் அன்று
எங்களோடு மூன்றாவது நாற்காலியில்
ஒரு ஃப்யூசர் யூனிட் உட்கார்ந்திருந்தது,
அட்டைப் பெட்டிக்குள், சணல் கட்டி.

ரிச்சி தெருவில் காலை பத்துக்குத் தொடங்கி
பதினொரு கடை ஏறி இறங்கி
சாயங்காலம்தான் கிடைத்தது.
மன்னார்குடியில் நாலு நாளாக
ஜெராக்ஸ் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது,
பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு வந்து
எதிர்க் கடைக்குப் போகிறார்கள்.
இதையெல்லாம் தமயந்தியிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.
திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை.
பத்தடி பின்னால்
பச்சை போர்டு ஒன்றின் கீழே நிற்கிறாள்.

"ஆந்திரா மெஸ். இங்க சாப்பிடலாம்."

ரயில் பத்து ஐம்பதுக்கு.
ஒன்பதரைக்கே பிளாட்பாரத்தில் நிற்கிற ரகம் நான்.
எழும்பூரில் நாலு இட்லி போதாதா என்றேன்.
"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள்.
படி ஏறினோம்.

இலை போட வந்தவர் பெட்டியைப் பார்த்து
"மூணு பேரா சார்?" என்றார். சிரிக்கவில்லை.

நான் டெல்டாக்காரன்.
சோற்றைப் பற்றி எனக்கு யாரும்
சொல்லித்தர வேண்டாம் என்று இருப்பவன்.
செம்மண் நிறத்தில் வைத்த பொடியை
ஓரமாக ஒதுக்கினேன்.
அவள் என் இலைக்கே கையை நீட்டி
பொடியைச் சோற்றில் சேர்த்து, நடுவில் குழி பறித்து
நெய்க்குக் குரல் கொடுத்தாள்.
தமிழில் இல்லை.

"கொஞ்செம் நெய்யி வேயண்டி."

தெரியாமல் இல்லை எனக்கு.
மாமனார் கூடூரில் பாயிண்ட்ஸ்மேன்.
எட்டு வயசு வரை இவள் அங்கேதான்.
பெண் பார்க்கப் போன அன்றே சொன்னார்கள்,
மிக்சருக்கும் காப்பிக்கும் நடுவில்,
ரேஷன் கார்டில் அடித்துவிட்ட பழைய முகவரி மாதிரி.
பதினேழு வருஷத்தில் ஒரு சொல் வெளியே வந்ததில்லை.
நானும் கேட்டதில்லை.

பரிமாறுகிறவர் கிண்ணத்தோடு நின்றுவிட்டார்.
பெயர் கொண்டையா. ஊர் காவலி.
அது பிறகு தெரிந்தது.
தமயந்தியின் குரல் ரெண்டு படி மேலே ஏறியிருந்தது.
இடது கை பேசியது. வீட்டில் பேசாத கை.
எலுமிச்சைத் தோப்பு பற்றி ஏதோ, கூட்ஸ் வண்டி பற்றி ஏதோ,
ஓர் இடத்தில் எத்துப்பல் தெரியச் சிரித்தாள்.
யாரோ ஒருத்தியின் எதிரே உட்கார்ந்து
நான் கோங்குரா தின்றுகொண்டிருந்தேன்.
மூக்கு ஒழுகியது.
கைக்குட்டை பெட்டிக்கு அடியில்.

"போதும்" என்று இலைமேல் கையை விரித்தேன்.
விரலிடுக்கில் சோறு விழுந்தது.
போதுங்க, போதும்.
இன்னொரு கரண்டி.
அவள் தலையைத் தூக்காமல்
"சாலு" என்றாள்.
கரண்டி அந்தரத்தில் நின்றது.

சால என்றால் மிகுதி என்று
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
கும்மிடிப்பூண்டி தாண்டினால் அதே சொல்
போதும் என்று கையைக் கழுவிவிடுகிறது.
எது முதலில் வந்திருக்கும்,
நிறையவா, போதுமா?
நகல் எடுக்கிறவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி.
தயிரை ஊற்றிக்கொண்டேன்.

பில் நானூற்று எண்பது.
மிச்சம் இருபதைக் கொண்டையா தொடவில்லை.
எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்,
அவளுக்கு ரெண்டு.

வாசலில் ஆட்டோ.
பெட்டியை மடியில் வைத்து நான் ஏறியாயிற்று.
மணி ஒன்பது நாற்பது.
அவள் இன்னும் படியில் நிற்கிறாள்.
ஒரு டீச்சரின் பெயரையோ தெருவின் பெயரையோ
ரெண்டு பேரும் சேர்ந்து தேடுகிறார்கள்.
அவள் சொல்லச் சொல்ல அவர் இல்லை இல்லை என்கிறார்,
பிறகு ஆமாம் என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"கூப்பிடுங்க சார், டிராஃபிக் ஆயிடும்."

ஒன்பது ஐம்பது.

புதுப்பேட்டை வழியா போனா
பத்து நிமிஷம்தானே, என்றேன்.
எனக்கு என்ன வழி தெரியும்.