நாற்பது அடி

லாபிஸில் மழை தூறிய சம்பள நாள்.
மலிவு வீட்டு வரிசையின் முனையில்,
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்
கப்சாய் இருமி நின்றுபோனது.
உதைத்தேன். இன்னொரு உதை.
பிளக்கில் தண்ணீர்.
செம்பனை முள் ஏறிய கையோடு
தள்ளிக்கொண்டு நடந்தேன்,
வண்டியை, மழையை, கம்பெனியை
வரிசையாகத் திட்டியபடி.

வாசலில் நின்றபோதுதான் பார்த்தேன்:
யுகேந்திரன் கூடத்து நடுவில் குப்புறப் படுத்து
லோரி வரைந்துகொண்டிருந்தான்,
நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க.
என் பிள்ளை இப்படி இருப்பான் என்று
ஏழு வருடமாக எனக்குத் தெரியாது.
மோட்டார் சத்தம் கேட்டால்
அவன் அலமாரிக்குப் பின்னால்.
நான் பார்த்ததெல்லாம் அலமாரியை.

மறுநாள் பிளக்கைத் துடைத்தாயிற்று,
வண்டி நன்றாகவே ஓடியது.
இருந்தும் தொட்டியருகே சாவியைத் திருப்பினேன்.
எண்ணிப் பார்த்தேன். வாசல்வரை நாற்பது அடி.
அடி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில்
அதுவரை ஒரே பொருள்தான்.

"என்னாண்ணே, எண்ணெய் மிச்சம் பண்றீங்களா?"
சன்னாசி வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தான்.
ஆமாம்பா என்றேன். வேறென்ன சொல்ல?

பத்தாவது அடியில் மண்டோரின் முகம் கழன்று விழும்.
இருபதில், தராசில் குறைந்துபோன குலைகள்.
முப்பதுக்கு மேல் என் மூச்சு மட்டும்.
சில நாள் எதுவும் விழாது.
அப்போது தொட்டிவரை திரும்பிப் போய்
மறுபடியும் தள்ளினேன், கிறுக்கன் மாதிரி.

தீபாவளிக்கு முந்தின வாரம் குடித்திருந்தேன்.
வாசல்வரை உறுமிக்கொண்டு போனேன்.
தவமலர் ஒன்றும் பேசவில்லை,
உடைந்த தட்டைப் பெருக்கினாள்.
பீங்கான் துண்டுகள் முறத்தில் உருளும் சத்தம்
விடியும்வரை காதுக்குள்.
அடுத்த மாலை, தொட்டியருகே சாவி.
ஒன்று. இரண்டு.

மூன்று வருடம். டயர் இரண்டு முறை மாற்றியாயிற்று.
மாதாமாதம் என்ன மாறியது என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
அலமாரிக்குப் பின்னால் சிலந்தி கூடு கட்டியிருந்ததை
ஒருநாள் தவமலர்தான் காட்டினாள்.

நேற்று இடி, பேய்மழை.
தொட்டி எங்கே, ரோடு எங்கே, தெரியவில்லை.
வாசலுக்கு வந்த பிறகே உறைத்தது:
எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது.
பதறி அணைத்தேன். உள்ளே பார்த்தேன்.
யுகேந்திரன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.
தலை நிமிரவில்லை.
"ப்பா, துண்டு நாற்காலியில கெடக்கு."
பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.